படிக்கட்டு திரும்பும் வரை

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, அச்சகத்துக்கு மேலே இரண்டாம் மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், 'மொட்டைமாடிக் குடித்தனம்' இசை நாடகத்தைப் படமாக்க எழுதிய திரைக்கதையிலிருந்து துணிப் பாட்டு நீக்கப்பட்டது.

நீக்கியவர் அதை எழுதியவரேதான். குழுவில் எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் ஒருநாளும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் குழுவில் யாரையும் ஒருநாளும் திருத்தாமல் விட்டதுமில்லை.

"அது படிக்கட்டுக்காக எழுதின பாட்டும்மா," என்றார் படத்தின் இயக்குநரிடம். இயக்குநருக்கு அவர் மகள் வயது. இதற்கு முன் இரண்டு படங்கள் எடுத்திருந்தார். "மேடையில கீழ்த்தளம் முடிஞ்சு மொட்டைமாடி வரணும். நடுவுல படிக்கட்டைத் திருப்பிப் போடணும். அதுவரைக்கும் ஜனங்க கொட்டாவி விடக்கூடாதுன்னு ஒரு பாட்டு. சினிமாவுல உனக்கு ஏது படிக்கட்டு? ஒரு வெட்டு, மொட்டைமாடி வந்தாச்சு."

"பாட்டு நல்லா இருக்கே சார்."

"நல்லா இருக்கறதை எல்லாம் வெச்சுக்க முடியாது. வேலை இல்லாததுக்கு மேடையிலயும் இடமில்ல, திரையிலயும் இடமில்ல."

அந்தக் கொள்கைக்கு அவருடைய எழுத்தே பலமுறை பலியாகியிருந்தது. ஒரு நடனம், ஒரு தபால்காரர் பாத்திரம், அவர் ஆசை ஆசையாக எழுதிய நீண்ட வசனம் ஒன்று, எல்லாம் அப்படிப் போனவை. அதனால் இயக்குநர் மேற்கொண்டு வாதாடவில்லை. அந்தப் பக்கத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

பாட்டோடு ஓர் ஆளும் போயிற்று. நாடகத்தில் துணி துவைக்கும் பெண் அந்தப் பாட்டுக்கு மட்டும்தான் வருவாள். திரை விழுந்ததும் வாளியும் கயிறுமாக அதன் முன்னால் வந்து நிற்பாள். கயிற்றில் ஒவ்வொரு துணியாகப் போட்டபடி, அந்த வீட்டில் குடியிருப்பவர்களை அவரவர் துணியை வைத்தே கிண்டல் செய்வாள்.

யார் சட்டை இது யார் சட்டை
காலர் கிழிஞ்சது யார் சட்டை
ஊருக்கெல்லாம் யோசனை சொல்லி
ஊசிக்கு அலையுற யார் சட்டை

திரைக்குப் பின்னால் மரம் தரையில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது கேட்கும் வரை அவள் பாடவேண்டும். போர்வை வரும், பள்ளிச் சீருடை வரும், வீட்டுக்காரரின் கோட்டு வரும். படிக்கட்டு தயாரானதும் மரத்தில் இரண்டு தட்டு விழும். உடனே அவள் கடைசி வரிக்குப் போவாள்: 'காத்தே கொஞ்சம் மெதுவா வா, கயிறு பழசு.' விளக்கு அணையும், திரை எழும். அவ்வளவுதான் வேடம்.

ஏறக்குறைய இருபது வருடமாக அந்த வேடத்தைச் செய்துவந்தவரைக் குழுவில் திரைக்கா என்றார்கள். திரைக்கு முன்னால் நிற்கும் அக்கா. முதலில் அவர் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர். நாடகம் தொடங்கிய புதிதில் ஒரு மாலை, படிக்கட்டு மேடைப் பலகையின் இடுக்கில் சிக்கிக்கொண்டது. இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து வாங்கி வந்த நிஜப் படிக்கட்டு அது, யானை கனம். அரங்கில் விசில் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வாத்தியார் கண்ணில் பட்டவர், விற்றது போக மிச்சமிருந்த டிக்கெட்டை ஒப்படைக்க உள்ளே வந்த அவர்தான்.

"பாடத் தெரியுமா?"

"துணி துவைக்கும்போது பாடுவேன்."

"அப்ப போய்த் துவை," என்று திரைக்கு வெளியே தள்ளிவிட்டார் வாத்தியார். மறுவாரம் அதற்கு ஒழுங்காக வரிகள் எழுதிக் கொடுத்தார்.

"அந்தப் படிக்கட்டு கனமா இருந்துச்சு, எனக்கு ஒரு வாழ்க்கை கிடைச்சுது," என்று திரைக்கா புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். நாடகம் தொடங்குவதற்கு முன் அதன் கைப்பிடியை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுத்தான் ஒப்பனைக்குப் போவார்.

படிக்கட்டின் மேல் இருந்த அந்த நன்றி, அதைத் தள்ளுகிறவர்கள் மேல் இல்லை. தள்ளுகிறவர்கள் மூன்று பேர்: மேடைத் தச்சரான மேஸ்திரி, அவருடைய மச்சான், நெட்டை என்று பெயர் வாங்கிய இன்னொருவர். நாடகம் முடிந்து ஒப்பனை கலைக்கும் முன்பே திரைக்கா அவர்களைத் தேடி வந்துவிடுவார்.

"ஏன் மேஸ்திரி, ஒரு படிக்கட்டைத் திருப்ப இவ்வளவு நேரமா? ஆமைகிட்ட சொல்லியிருந்தா இந்நேரம் திருப்பிட்டு வீட்டுக்குப் போயிருக்கும்."

"கனம்க்கா."

"கனமாம். மூணு தடிமாடு இருக்கீங்க. என் தொண்டை வத்திப் போச்சு."

"தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"உங்களை நம்பினா அது நாளைக்குத்தான் வரும்."

நாடகம் இருந்த நாளெல்லாம் இந்தத் திட்டும் இருந்தது.

பாட்டு நீக்கப்பட்ட அன்று மதியமே வாத்தியார் நேரில் சொல்லப் போனார். உடை அறையில் திரைக்கா ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சரிங்க வாத்தியாரே. சரியாத்தான் சொல்றீங்க. படிக்கட்டு இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?"

"கூட்டத்துல ஒரு ஆளா நிக்கறியாம்மா?"

"நிக்கறேன், அதுக்கென்ன. டிக்கெட் கிழிச்சிட்டிருந்தவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டீங்க. இதுக்கு மேல கேட்டா பேராசை." அடுத்த பொத்தானை எடுத்தவர் சற்று நிறுத்தினார். "பொண்ணுகிட்டதான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். அவளுக்குச் சாயங்கால ட்யூட்டி. முன்னே ஊர்ல பாட்டிகிட்ட இருந்து படிச்சா, இப்ப எப்பவும் நாடக நேரத்துக்குத்தான் அவளுக்கு வார்டு. நான் பாடி ஒரு தடவைகூட அவ பாத்ததில்ல. சினிமான்னா மதியத்துல பாக்கலாமேன்னு ஆஸ்பத்திரி பூரா சொல்லி வெச்சிருக்கா."

அந்தப் பேச்சில் குத்தல் எதையும் வாத்தியார் காணவில்லை. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது. பொத்தான் தைத்து முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

படத்துக்கு இசையமைப்பவர் நாடகப் பாட்டுகள் எல்லாவற்றையும் இருக்கிறபடியே பதிவு செய்து தரச்சொல்லியிருந்தார். வெட்டிய பாட்டும் அதில் இருக்கட்டும் என்று இயக்குநர் சொன்னதால், அதே வாரம் திரைக்காவும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். சுவரெல்லாம் பஞ்சு. காதில் மாட்டியதை இரண்டு தடவை கழற்றிப் பார்த்துவிட்டு, நாடகக் குழுவின் கீபோர்டுக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். பாட்டு தொடங்கியது.

சட்டை முடிந்தது, போர்வை முடிந்தது, சீருடையும் கோட்டும் முடிந்தன. பாட்டு முடியவில்லை. ஜோடி தொலைந்த காலுறைக்கு நான்கு வரி வந்தது. கைக்குட்டைக்கு நான்கு வரி. பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி,

கண்ணாடிக்குள்ள கறுப்புச் சட்டை
துவைச்சு எத்தன நாளாச்சு

என்றார். ஒலிப்பதிவாளர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துவிட்டுப் பதிவை நிறுத்தினார்.

"அக்கா, இந்தப் பாட்டு எப்ப முடியும்?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? தட்டினா முடியும்."

"யார் தட்டணும்?"

"மேஸ்திரி."

ஒலிப்பதிவாளர் தானே உள்ளே வந்து மேசையில் பேனாவால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். திரைக்கா நிறுத்தினார், ஆனால் கடைசி வரி வரவில்லை. "யாரோ வாடகை கேக்க வந்த மாதிரி இருக்குப்பா. வரி ஓடி ஒளிஞ்சுக்குது," என்றார்.

மேஸ்திரி கிட்டேதான் இருந்தார். படத்துக்கான அரங்க வேலை கூடத்தின் பின்பக்க வளாகத்தில் நடந்துகொண்டிருந்தது. தலையில் மரத்தூளோடு அவரை அழைத்துவந்து, தட்டுவதற்கு ஒரு மர முக்காலியைக் கொடுத்தார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது. மேஸ்திரி முக்காலியின் மேல் கையை வைத்துத் தலையைக் குனிந்து நின்றார். எழுதிய வரிகள் எல்லாம் முடிந்தன. அவர் தட்டவில்லை. ஒலிப்பதிவாளர் கண்ணாடி வழியாகக் கையைக் கையை ஆட்டினார். மேஸ்திரி நிமிரவே இல்லை. காலுறை முடிந்து, கைக்குட்டையும் முடிந்த பிறகுதான் இரண்டு தட்டு விழுந்தது. திரைக்கா அதே மூச்சில் கடைசி வரிக்குப் போனார்.

வெளியே வந்ததும் இயக்குநர் கேட்டார். "மேஸ்திரி, உள்ள தள்ளறதுக்குப் படிக்கட்டே இல்லையே. ஏன் உடனே தட்டல?"

மேஸ்திரி தலையிலிருந்த தூளைத் தட்டினார். "பழக்கம் மேடம்," என்றவர், பசை காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

சனிக்கிழமை நாடகத்தைத் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பதாக இயக்குநர் முன்பே ஏற்பாடு செய்திருந்தார். மேடையில் ஒரு காட்சி அடுத்த காட்சியோடு எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்தால்தான் திரையில் அதை எங்கே பிரிப்பது என்று தெரியும் என்பது அவர் எண்ணம். கயிறுகளுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். துணிப் பாட்டு வரும் நேரத்துக்கு, யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி அவரை வெளியே அனுப்ப நெட்டை முயன்றார். அவர் போகவில்லை.

திரை விழுந்தது. நடிகர்கள் உடை மாற்றக் கீழே ஓடினார்கள். மேஸ்திரி படிக்கட்டின் அடியை மறைத்திருந்த பலகையைக் காலால் தள்ளினார். உள்ளே ரப்பர் சக்கரங்கள் இருந்தன. மச்சான் ஒரு பக்கமும் நெட்டை ஒரு பக்கமும் ஒரு கையை வைத்தார்கள். எண்ணெய் போட்ட கதவு மாதிரி படிக்கட்டு சத்தமில்லாமல் திரும்பி நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் திரைக்கா அப்போதுதான் இரண்டாவது வரிக்கு வந்திருந்தார்.

மச்சான் மூலையிலிருந்து ஒரு காலி மரப்பெட்டியை எடுத்துவந்தார். அதை மேடைப் பலகையில் இங்கும் அங்குமாகத் தேய்த்து இழுக்கத் தொடங்கினார். அவ்வப்போது, "பிடி, பிடி, மெல்ல," என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டார். நெட்டை நடுப்படியில் உட்கார்ந்து முகவாயில் கை வைத்துக்கொண்டார். மேஸ்திரி மேல்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மடக்கிய விரல்கள் கைப்பிடிக்கு மேலே காத்திருந்தன. போர்வை வரிகள் வந்ததும், நெட்டை முதல்முறை கேட்பவர் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கென்று திரைக்கா புதிதாக ஒன்று சேர்த்தபோது மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் மேஸ்திரி தட்டினார். பெட்டி மூலைக்குப் போயிற்று, பலகை பழைய இடத்தில் விழுந்தது.

நாடகம் முடிந்தது. திரைக்கா வழக்கம்போல் ஆமையை இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். இயக்குநர் மூன்று பேரையும் பின்வாசலில் பிடித்தார். மேஸ்திரி டீ டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சக்கரம் போட்டு ரொம்ப வருஷம் ஆச்சு மேடம். என் இடுப்பு பிடிச்சுக்கிச்சு, அதுக்காகப் போட்டேன். முதல் நாள் சட்டுனு திரும்பிடுச்சு. அக்கா அப்பதான் வாயே திறந்திருக்காங்க. தட்டலாம்னு கையத் தூக்கினேன். அப்பதான் உறைச்சுது. இது தெரிஞ்சா வாத்தியார் நாளைக்கே பாட்டை எடுத்துடுவாரு."

"அவங்களுக்காகவா இத்தனை வருஷம் மறைச்சீங்க?"

"ஆமான்னு சொன்னா எனக்குப் பெருமைதான். எங்களுக்காகத்தான் மேடம். நாடகம் பூரா எங்களுக்கு ஓட்டம். இழு, தூக்கு, மறை. ஒரு பாட்டை நின்னு கேட்டதில்ல. இது ஒண்ணுதான் உக்காந்து கேக்கற பாட்டு."

"நான் எங்க உக்காந்தேன்?" என்றார் மச்சான். "நான் பெட்டி இழுக்கறேன்."

"சரி, இவன் மட்டும் உக்காரல."

"தினமும் திட்டு வாங்கறீங்களே?"

"அதை டிக்கெட் காசுன்னு வெச்சுக்கிட்டோம்," என்றார் மேஸ்திரி. "அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம் இவங்களுக்குக் கஷ்டமேன்னு பாட்டைச் சுருக்கிடுவாங்க."

திங்கட்கிழமை அச்சகத்து மாடியில் இயக்குநர் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "வேலை இல்லாததுக்கு இடமில்லைன்னு சொன்னீங்க சார். அந்தப் பாட்டுக்கு வேலை போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. இடம் மட்டும் இருந்திருக்கு."

வாத்தியார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கியிருக்கானுங்க."

"ஆமா சார்."

"நல்லவேளை," என்றவர் பென்சிலைக் கேட்டு வாங்கினார்.

அன்று அவர்கள் எழுதிய காட்சி இது. வீடு விற்கப்பட்டுவிட்டது. குடியிருப்பவர்கள் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். மூன்று சுமைக்காரர்கள் ஒரு பெட்டியை மாடியிலிருந்து இறக்குகிறார்கள். மொட்டைமாடியில் துணி துவைக்கும் பெண் அந்த வீட்டின் துணிகளைக் கடைசித் தடவையாகக் காயப்போட்டபடி பாடுகிறாள். சுமைக்காரர்கள் பெட்டியைப் படிக்கட்டின் திருப்பத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். கீழேயிருந்து புது வீட்டுக்காரர், "இன்னும் என்ன பண்றீங்க?" என்று கத்தும்போதெல்லாம் ஒருவர் எழுந்து பெட்டியைச் சும்மா இழுக்கிறார். சுமைக்காரர்கள் யார் என்பதில் பேச்சே எழவில்லை.

பாட்டு திரும்ப வந்துவிட்டது என்று மட்டும் திரைக்காவிடம் சொன்னார்கள். படிக்கட்டு இல்லாமல் எப்படி வந்தது என்று அவர் கேட்டார். அங்கேயும் ஒரு படிக்கட்டு இருக்கிறது என்றார் வாத்தியார். மேஸ்திரி அதன் திருப்பத்தில் நின்று தட்டுவார் என்றும் சொன்னார்.

மே மாதம், பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் படப்பிடிப்பு நடந்தது. அந்தப் பாட்டை மட்டும் அங்கேயே பாடவைத்துப் பதிவு செய்வது என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். மொட்டைமாடியில் வெயில். திரைக்கா வாளியோடு நின்றார். ஒத்திகையில் முதல் நான்கு வரி முடிந்தது. கீழே யாரோ கத்தினார்கள். படிக்கட்டுப் பக்கமிருந்து மரம் தரையில் தேயும் சத்தம் வந்தது.

திரைக்கா நிறுத்தினார். வாளியைக் கீழே வைத்தார். கையில் ஈரத் துணியோடு படியிறங்கிப் போனார். திருப்பத்தில் நீலச் சட்டை போட்ட மூன்று சுமைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அவர் குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

"வெறும் பெட்டி."

"ஆமாக்கா," என்றார் மேஸ்திரி.

"அதே சத்தம். எனக்குத் தெரியாதா இந்தச் சத்தம்?" மூடியை விட்டார். "அப்ப நம்ம படிக்கட்டு?"

"சக்கரம்க்கா."

"எப்பலேர்ந்து?"

"உங்க பொண்ணு நர்ஸ் படிப்புக்குச் சேந்தாளே, அந்த வருஷம்."

அந்த மகள் வேலைக்குச் சேர்ந்தே பத்து வருடம் ஆகியிருந்தது. திரைக்கா படியில் உட்கார்ந்தார். நெட்டை நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நான் உங்களை ஆமைன்னேன்."

"ஆமைக்கு ஓடு கெட்டிக்கா," என்றார் மேஸ்திரி.

"தடிமாடுன்னேன்."

"அதுக்கு மட்டும் இவன் ஒரு வாரம் சரியாச் சாப்பிடல," என்று மேஸ்திரி மச்சானைக் காட்டினார்.

"நான் எங்க சாப்பிடாம இருந்தேன்?" என்றார் மச்சான்.

திரைக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது காலர் கிழிந்த சட்டை.

"இத்தனை வருஷமா மரத்துக்கு நன்றி சொல்லிட்டிருந்திருக்கேன் பாருங்க. கைப்பிடியைத் தடவித் தடவி."

"மரம் எங்ககிட்ட சொல்லிடுச்சுக்கா," என்றார் நெட்டை. அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

"இப்ப நானே சொல்றேன்," என்ற திரைக்கா மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேஸ்திரி தலையைத் திருப்பிச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருப்பதைக் கவனித்தார்.

மேலே இயக்குநரின் உதவியாளர் எட்டிப் பார்த்தார். திரைக்கா எழுந்து ஏறத் தொடங்கினார். பாதியில் திரும்பினார். "மேஸ்திரி, அவசரப்பட்டுத் தட்டித் தொலைக்காத. இன்னிக்குப் புதுசா ரெண்டு வெச்சிருக்கேன்."

படம் நவம்பரில் வெளியானது. துணிப் பாட்டு முழுதாக இருந்தது. பாட்டு முடிவதற்கு முன் மரத்தில் இரண்டு தட்டு கேட்கிறது, நீக்கிவிடலாமா என்று ஒலிப்பதிவாளர் முன்பே கேட்டிருந்தார். இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். திரைக்காவின் மகள் வார்டில் வேலை செய்யும் ஐந்து பேரோடு மதியக் காட்சி பார்த்துவிட்டு, சாயங்காலம் ட்யூட்டிக்குப் போனார்.

அடுத்த மாதம் நாடகம் மறுபடி மேடையேறியது. படிக்கட்டு சக்கரத்தில்தான் திரும்புகிறது. மச்சான் இப்போது பெட்டி இழுப்பதில்லை. அவரும் உட்கார்ந்துகொள்கிறார்.